கிள்ளானில் ஒரு மூஸ் வேட்டை ஒத்திகை

பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கிய விடுதியில் அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், கல்லு கொண்டு வந்தீங்களா?" என்றாள்.

"குளிர் உடுப்பு" என்றேன்.

அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொதித்துக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இங்க எதுக்கு அங்கிள் அதெல்லாம்? சினிமா தியேட்டர்ல வேணா போடலாம்."

பெட்டியில் இருந்தவை குமரேசனின் வேட்டை உடுப்புகள். குமரேசன் கிள்ளான்காரர். கனடாவில் ஒன்டாரியோவின் வடக்கே ஒரு சின்ன ஊரில், மர ஆலையில், என் பக்கத்து இயந்திரத்தில் நின்று வேலை செய்தவர். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் யாழ்ப்பாணத் தமிழ், அவர் மலேசியத் தமிழ். முதல் ஆறு மாதம் பாதியை ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம். அவர் கல்யாணம் செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயது. சென்ற ஒக்டோபரில் அவருடைய முதல் மூஸ் வேட்டைக்கு நான்தான் அழைத்துப் போனேன். மூஸ் என்பது மான் சாதியில் மிகப் பெரியது. குதிரையைவிட உயரம், ஒரு சிறிய காரின் எடையில் பாதி இருக்கும். அந்த வேட்டையிலிருந்து திரும்பும்போது டிரக்கின் பின்புறம் இறைச்சியும், முன் இருக்கையில் பட்டி போட்டு இருத்திய குமரேசனின் உடலும் வந்தன.

குடும்பத்தினர் விசா கிடைத்து வருவதற்குள் எரியூட்டல் முடிந்துவிட்டது. சாம்பலை மட்டும் அனுப்பி வைத்தேன். இப்போது ஆண்டுத் திவசம். "நீங்களும் வரணும் அண்ணே, அவரு சாமானையும் அப்படியே கொண்டாந்துருங்க" என்று தம்பி முரளி தொலைபேசியில் கேட்டபோது மறுக்க ஒரு காரணமும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

முதல் நாள் பகல் தூங்கினேன். மாலையில் பக்கத்து வாழையிலைக் கடையில் சாப்பிட்டேன். இலையில் சோறு விழுவதற்கு முன்பே மூன்று மரக்கறி விழுந்துவிடுகிறது. நான் "கொஞ்சம் சொதி" என்றதும் எதிரில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார். "சிலோனா?" என்றார். ஓம் என்றேன். அவருடைய பாட்டனார் ரயில்வேயில் கணக்கராக வந்தவராம். "எங்க வீட்லயும் அப்டித்தான் பேசுவாங்க. இப்ப பேச ஆளு இல்ல" என்றார். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். ஒரு திவசம் என்றேன். சொந்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டாம் நாள் காலை கிள்ளானுக்கு ரயிலில் போனேன். கொமுட்டர் என்று சொல்கிறார்கள். காலியாக ஒரு பெட்டி வந்து நின்றது; நல்லகாலம் என்று நினைத்து உடுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நிலையம் கழித்துத்தான் சுற்றிலும் பெண்கள் மட்டும் இருப்பதைக் கவனித்தேன். எதிரில் இருந்த மருத்துவமனைச் சீருடைக்காரி, "அங்கிள், இது பொம்பளைங்க கோச் லா. மேல பிங்க்ல போட்டிருக்கு பாருங்க" என்றாள். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகும்போது ரயில் குலுங்கி நின்றது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே அப்படியே நாற்பது நிமிடம். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கனடாவில் இப்படி நின்றால் ஒலிபெருக்கியில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்பார்கள். மன்னிப்புக் கேட்பது அங்கே சுலபம்.

நிலையத்தில் முரளி நின்றார். நாற்பத்தொரு வயது. துறைமுகத்தில் கொள்கலன்களை இறக்கும் பாரந்தூக்கி ஓட்டுகிறார். அண்ணனின் தோள், அண்ணனின் நடை. பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காரின் பின்னால் வைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கூடத்தில் பாய் விரித்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எழுபத்தைந்து வயது இருக்கும். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு சுருக்கம். ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மடித்து வைத்தார். கைக்கடிகாரம், கம்பளிக் குல்லா, தடித்த சட்டைகள், செம்மஞ்சள் நிற வேட்டை மேலாடை, கனத்த மேலங்கி. எதையும் முகர்ந்து பார்க்கவில்லை, அழவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மானு என்ன ஆச்சு தம்பி?"

"இறைச்சியை எல்லாருக்கும் குடுத்திட்டன் அம்மா."

பாதியைத்தான் கொடுத்தேன். மற்றப் பாதி என் குளிர்ப்பெட்டியில் இருந்தது. வீசுவது பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பங்குனி முடியும்வரை சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. அதை எங்கே போய்ச் சொல்வது.

சாப்பாட்டுக்குப் பிறகு முரளி ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் அடுத்த வருசம் மூஸ் வேட்டைக்கு வரேன். அங்க வேட்டை முகாம் நடத்துறவங்ககிட்ட எழுதிக் கேட்டுட்டேன். வெளிநாட்டுக்காரன் அவங்க மூலமாதான் போகணுமாம். அது பிரச்சனை இல்ல. ஆனா எனக்கு ஒன்னும் தெரியாது. நீங்க இருக்கிற இந்த நாலஞ்சு நாள்ல எனக்குச் சொல்லிக் குடுங்க. முதல் தடவை போறவனுக்கு என்னென்ன தெரியணுமோ எல்லாம்."

"ஏன் முரளி?"

"அவரு கடைசியா நின்ன இடத்துல நான் ஒரு தடவ நிக்கணும். சும்மா பூ போட்டுட்டு வர்றதுக்கு இல்ல. அவரு என்ன செய்யப் போனாரோ அதச் செஞ்சு முடிக்கணும். போன வருசம் போன்ல தினம் அதேதான் பேச்சு. தொப்பி வாங்கினேன், கத்தி வாங்கினேன்னு. இந்த வயசுல அவரு அப்படிச் சந்தோசமா பேசி நான் கேட்டதே இல்ல."

அவர்களுக்கு நான் சொல்லியிருந்தது இதுதான்: வேட்டை முடிந்து இறைச்சி சுமக்கும்போது நெஞ்சுவலி வந்தது, சட்டென்று போய்விட்டார், கஷ்டப்படவில்லை. அங்கே வைத்தியரும் காகிதத்தில் இதயம் என்றுதான் எழுதினார். அதனால் நான் பொய்யன் அல்ல என்று ஒரு வருடமாக என்னால் இருக்க முடிந்தது.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

முரளி பேனாவைத் திறந்தார். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், முத்து முத்தான தமிழில் எழுதினார். முதலில் சப்பாத்து என்றேன். எழுதிவிட்டு, "வேட்டைக்கு எதுக்குண்ணே சப்பாத்தி?" என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலில் போடுவது என்று காட்டினேன். "ஓ, காசூட்" என்று திருத்தி எழுதினார். புதுச் சப்பாத்தோடு காட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு மாதமாவது போட்டு நடந்து காலுக்குப் பழக்க வேண்டும். காலுறை கம்பளியாக இருக்க வேண்டும், மாற்றுக்கு இரண்டு சோடி. காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. மூஸுக்குக் கண் மந்தம், மூக்கு அப்படி இல்லை. சுடுவது மிகச் சின்ன வேலை. அது ஒரு நொடி. விழுந்த பிறகுதான் வேட்டை தொடங்குகிறது. நானூறு கிலோ மிருகத்தைத் துண்டு துண்டாக முதுகில் ஏற்றி, சேற்றிலும் புதரிலும் டிரக் வரை நடக்க வேண்டும். ஒரு பின்கால் மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல் வரும்.

"அப்ப மொதல்ல தூக்கப் பழகணும்" என்றார் முரளி.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு விடுதி வாசலில் கார் நின்றது. பின் இருக்கையில் பெரிய முதுகுப் பை. அதற்குள் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. பத்துமலை முருகன் கோவிலுக்குப் போனோம்.

அவர் படியேறினார், நான் பின்னால் ஏறினேன். ஐம்பது படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. முரளிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பையின் பட்டியை இடுப்பில் இறுக்கச் சொன்னேன். பாரம் தோளில் தொங்கினால் முழங்கால் போய்விடும். நூறாவது படியில், தட்டில் தேங்காயோடு வந்த ஓர் அம்மா முரளியை நிறுத்தினார்.

"என்ன வேண்டுதல் தம்பி?"

முரளி மூச்சுக்கு நடுவே சிரித்தார். "வேண்டுதல் இல்ல ஆன்டி. பிராக்டிஸ்."

"அரிசியா சுமக்கிற?"

"அரிசிதான்."

"யாருக்காக?"

முரளி கொஞ்சம் யோசித்தார். "எங்க அண்ணனுக்காக."

அந்த அம்மா அவருடைய பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லாயிருப்பாரு உங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். முரளி பட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு குரங்கு பையின் மூலையைக் கடித்துக் கிழித்துவிட்டது. வழி நெடுக அரிசி சிந்திக்கொண்டே இறங்கினோம்.

கீழே தோசையும் தேநீரும். அவர் நோட்டை எடுத்தார்.

"இன்னொன்னு கேக்கணும். எங்க சுடக் கூடாது?"

"தண்ணிக்குள்ள நிக்கேக்க சுடக் கூடாது" என்றேன். "மூஸ் ஏரிக்குள்ள இறங்கி நிக்கும். அப்ப சுட்டால் அங்கேயே விழும். நானூறு கிலோ எடையைத் தண்ணிக்குள்ள இருந்து லேசில இழுக்க ஏலாது. கரைக்கு வரும் வரைக்கும் பொறுக்க வேணும். அரை மணித்தியாலம் எண்டாலும் பொறுக்க வேணும். அது வராமல் போனாலும் பரவாயில்லை."

அதை அவர் இரண்டு கோடு போட்டு எழுதினார். நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வருடம் முன்பு இதே வசனத்தை, என் சமையலறையில், குமரேசனிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். நாங்கள் அன்று வேறு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் நடந்ததுதான் நான் வந்ததற்கான பலன்.

முரளிக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவருக்கு எங்கே போவது? ஸ்ரீ கெம்பாங்கானில் கோழியிறைச்சி வைக்கும் ஒரு குளிர்க் கிடங்கில் அவருடைய சீன நண்பர் ஆ சேங் மேற்பார்வையாளர். பகல் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். போகும் வழியில் திடீர் மழை. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் மேம்பாலத்தின் கீழே ஒதுங்கி நின்றார்கள். அண்ணனின் மேலங்கியும் குல்லாவும் முரளியின் மடியில் இருந்தன.

ஆ சேங் எங்களைப் பார்த்து மலாயில் சொன்னார், முரளி மொழிபெயர்த்தார்: "பத்து நிமிடம். அதற்குமேல் யாராவது வந்தால் என்னையும் கோழியோடு தொங்கவிடுவார்கள்."

உறைய வைக்கும் அறை அல்ல. சுழியத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அறை. எங்கள் ஒக்டோபர் அப்படித்தான் இருக்கும். முரளி ஜீன்ஸ் போட்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். பருத்தித் துணி கூடாது, அது நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் காக்கும் என்று. நம்பாவிட்டால் செய்து பாருங்கள் என்றேன். கழுவும் இடத்தில் இருந்த வாளித் தண்ணீரில் இடது காலைத் தொடை வரை நனைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். நானும் கூடவே நின்றேன்.

மூன்றாவது நிமிடம் சிரிப்பு நின்றது. ஐந்தாவது நிமிடம் காலை மாற்றி மாற்றி வைத்தார். எட்டாவது நிமிடம், "இது என் கால் மாதிரி இல்ல" என்றார். பல் அடித்துக்கொண்டது. மேலே அண்ணனின் மேலங்கி, குல்லா. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் குமரேசனே நின்றார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே."

"ம்."

"அவரு என்ன கால்சட்டை போட்டிருந்தாரு?"

நான் கதவைப் பார்த்தேன்.

"பெட்டியில ஒரு கால்சட்டை கூட இல்ல. எல்லாம் சட்டை, ஜாக்கெட். அன்னிக்கே யோசிச்சேன்."

"ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்தவை."

"ஜீன்ஸா?"

"ஓம்."

"நனைஞ்சாரா?"

கதவுக்கு வெளியே ஆ சேங் தட்டினார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது. "ஓம்" என்றேன்.

கிடங்குக்கு எதிரே மரத்தடியில் ஒரு தேநீர்க் கடை. மழை விட்டு வெயில் அடித்தது. முரளி ஈரக் காலோடு உட்கார்ந்து நோட்டை மேசையில் விரித்தார். பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கேட்டார். குரல் உயரவில்லை.

"புது காசூட் போடக் கூடாது. இத அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"மாத்து காலுறை?"

"இல்லை."

"காட்டன் கூடாது?"

"இல்லை."

"தண்ணில நிக்கறத சுடக் கூடாது?"

"சுட்டது நான்தான் முரளி."

அப்போதுதான் சொன்னேன். வேட்டைக்குப் போன மூன்றாம் நாள் பிற்பகல், ஏரிக்கரையில், வயிறு வரை தண்ணீரில் ஓர் ஆண் மூஸ் நின்றது. இரண்டு வருடமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆலையில் என்னைக் கிண்டல் செய்வார்கள். பொறுக்க வேண்டும் என்று தெரியும். பொறுக்கவில்லை. அது அங்கேயே விழுந்தது. குமரேசன் என்னைவிட உயரம். கயிற்றை அவரிடம் கொடுத்து, கொம்பில் கட்டிவிட்டு வா என்றேன். நெஞ்சு வரை இறங்கினார். சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். மேலங்கியைக் கரையில் கழற்றி வைத்திருந்தார், திரும்பி வந்து ஈரச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டார். இழுத்துக் கரை சேர்த்து வெட்டத் தொடங்கும்போது அவருக்கு நடுக்கம் எடுத்தது. "போதும்ணே, நெருப்பு போடுவோம், மிச்சத்தக் காலைல பாத்துக்கலாம்" என்றார்.

"நீங்க?"

"கரடி வரும், இறைச்சி போயிடும் எண்டன். கொஞ்சம் பொறு எண்டன். அவரை மரத்தடியில இருக்கச் சொல்லிப்போட்டு, ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு டிரக்குக்குப் போனன். திரும்பி வரேக்க..."

முரளி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தேநீர்க் கடைக்காரி மூன்றாவது கோப்பையை ஆ சேங்குக்காகக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் வரவில்லை. அந்தத் தேநீர் ஆறிப் பாலாடை கட்டும்வரை நாங்கள் அங்கே இருந்தோம்.

என்னைப் பிரிக்பீல்ட்ஸில் அவர்தான் கொண்டுவந்து விட்டார். வண்டியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் திவசம். போகாமல் விமான நிலையத்துக்கு ஓடிவிடலாமா என்று காலையில் நினைத்தேன். குளித்துவிட்டுப் போனேன். இந்தத் தடவை சரியான பெட்டியில் ஏறினேன்.

ஐயர் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தார். கூடத்தில் குமரேசனின் படம். ஆலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம், அதில் என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள், அது நேற்று நடந்ததல்ல, முன்பே அப்படித்தான் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனாலும் எனக்கு அது சரியென்றுதான் பட்டது. முரளி வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் போட்டார். தண்ணீர் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை வைத்தார்.

"அன்னிக்குக் கடைசியா என்ன சாப்பிட்டான் தம்பி?"

இதற்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. "பாண் ரொட்டியும் முட்டைச் சம்பலும் அம்மா. அவர்தான் சம்பல் செய்தவர். மத்தியானம் ரெண்டு பேரும் ஒரு மரக்குத்தியில இருந்து சாப்பிட்டனாங்கள். உறைப்புக் கூடிப்போச்சு எண்டு எனக்குக் கண்ணால தண்ணி வந்தது. அவர் சிரிச்சார்."

"வயிறு நெறஞ்சு சாப்பிட்டானா?"

"ஓம் அம்மா. என்ர பங்கிலயும் பாதி சாப்பிட்டவர்."

அவர் தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்து, "நீங்க கூட இருந்தீங்க. அது போதும் எனக்கு. தனியா போயிருந்தான்னா நான் என்ன செஞ்சிருப்பேன்" என்றார். எதிரே ரசம் ஊற்றிக்கொண்டிருந்த முரளியின் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினார்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அவர் தொடர்ந்து வந்தார். துவாயை நீட்டினார்.

"அம்மாவுக்கு எதுவும் தெரிய வேணாம்."

"சரி."

"நான் போவேன் அண்ணே. அத நிறுத்தல. அரிசி மூட்டையும் நிறுத்தல." துவாயைத் திரும்ப வாங்கிக் கொடியில் போட்டார். "ஆனா உங்ககூட இல்ல."

"விளங்குது."

"நீங்க சொல்லிக் குடுத்தது எல்லாம் சரியாதான் இருக்கும். முகாம்காரங்க அனுப்பின தாள்லயும் அதேதான் போட்டிருக்கு. படிச்சுப் பாத்தேன். எல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் எனக்குத் தாங்கல."

தெரியாமல் செய்தவன் என்றால் ஒருவேளை மன்னித்திருப்பார். காட்டில் பதினைந்து வருடம் நடந்தவன் நான்.

ஆறாம் நாள் டாக்ஸிக்குச் சொல்லியிருந்தேன். வாசலில் முரளியின் கார் நின்றது. "அம்மா அனுப்பினாங்க" என்றார். பின் இருக்கையில் முறுக்கும், இறுகக் கட்டிய மீன் ஊறுகாயும். ஊறுகாயைச் சுங்கத்தில் பிடுங்குவார்கள் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

பாதி வழியில் வாகன நெரிசல். பக்கத்தில் ஒரு லோரியில் தொட்டித் தொட்டியாகச் செவ்வந்திச் செடிகள். தீபாவளிக்காக இருக்கும். முரளி கைபேசியை என்னிடம் நீட்டினார். வரைபடம் திறந்திருந்தது. "அந்த எடத்தக் குறிங்க" என்றார். ஏரியின் வடகரையைத் தேடிப் பெரிதாக்கி, ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஏரிக்குப் பெயர் இருக்கவில்லை. அவர் அதற்கு 'அண்ணன்' என்று பெயர் போட்டுச் சேமித்தார்.

"இன்னும் ஒன்னே ஒன்னு."

"கேளுங்கோ."

"அவரு போதும்னு சொன்னதுக்கும், போனதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?"

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. முரளி நகர்த்தவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"கன நேரம் இல்லை" என்றேன். "அரை மணித்தியாலம் இருக்கும். ஒரு சுமை கொண்டு போய் வந்த நேரம்தான்."

அவர் மூச்சை விட்டார். கியரைப் போட்டார். "அப்ப ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார். இல்லை என்றேன். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்தார். வெறும் பெட்டி, இரண்டு விரலால் இறக்கினார். கை கொடுக்கவில்லை. கோபமாகவும் போகவில்லை.

முரளி தமிழ் நன்றாக வாசிப்பார். அதனால்தான் இதை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு சுமை இல்லை முரளி, மூன்று. இரண்டரை மணித்தியாலம். முதல் தடவை திரும்பி வந்தபோது உங்கள் அண்ணன் கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தார், பேச்சுக் குழறியது. இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டு மூஸின் இரண்டாவது காலைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாவது தடவை வந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. மேலங்கியையும் குல்லாவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வராமல் சிரித்தார். "இப்ப குளுரல அண்ணே. சூடா இருக்கு" என்றார்.

உங்கள் நோட்டில் நான் எழுதச் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். கூட வந்தவன் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்து, திடீரென்று சூடாக இருக்கிறது என்று சொல்லி உடுப்பைக் கழற்றினால், அவன் செத்துக்கொண்டிருக்கிறான். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட வேண்டும். ஈரத்தைக் களைந்து, உங்களிடம் இருக்கும் காய்ந்த துணி எல்லாவற்றாலும் அவனைச் சுற்றி, நெருப்பு மூட்டி, உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதை முதல் வருடமே சொல்லித் தந்திருந்தார்கள்.

நான் "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சுமையை முதுகில் ஏற்றினேன்.